நான்காவது மாடி, பச்சைக் கதவு

ஜெனோவா
அக்டோபர் 19

அன்பு மகள் நிக்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்னில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தை முதலில் எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுத்துப் படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, மாடிப்படியில் ஈரம் காய்வதே இல்லை, தொண்ணூற்று நாலு படி ஏறி வந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடுவதில்லை. கீழ் வீட்டையும் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டார்கள், விடிவதற்குள் பெட்டிச் சக்கரச் சத்தம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு ஃபொகாச்சா ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டிக்கடை துல்லியோ என்னைப் பார்த்ததும், "எர்சிலியா அக்கா, நல்ல வேளை வந்தீங்க, முப்பது வருஷம் தபால் தூக்கின காலுக்கு வேலை வந்திருக்கு" என்றான். கடைக்குள் ஒரு பிரெஞ்சுக்காரி அழுதுகொண்டு நின்றாள், என் வயதுதான் இருக்கும், பெயர் மரிவோன். சுற்றுலாக் கப்பலில் வந்தவள். வியா டெல் காம்போ தெருவில் கைக்குட்டை வாங்க ஒரு நிமிஷம் திரும்பியிருக்கிறாள், அதற்குள் புருஷனைக் காணோம். அவருக்கு ஞாபகம் தப்பிப்போகிற வியாதியாம். கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. துல்லியோ போலீசுக்குச் சொல்லியிருந்தான், ஆனால் நம் சந்துகளில் புதிதாக வந்த போலீசுக்காரர்களே வழி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சை நம்பி நான் அவளோடு கிளம்பினேன்.

ப்ரே பக்கம் ஒரு சுற்று, மத்தலேனா பக்கம் ஒரு சுற்று. ஒவ்வொரு அழைப்புமணியிலும் யார் பெயர் இருந்தது என்று எனக்கு மனப்பாடம், இப்போது பெயரே இல்லை, எண் அமுக்கித் திறக்கிற பூட்டுதான். யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? கால் ஓய்ந்து ஒரு குழாயடியில் உட்கார்ந்தபோதுதான், ஊரில் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டேன். நாலாவது மாடி, தெருக்கதவு பச்சை என்றாள். எனக்குப் பளிச்சென்று பட்டது, இந்த மனுஷர் தொலைந்துபோகவில்லை, வீட்டுக்குப் போயிருக்கிறார். பச்சைக் கதவுகள் எவை என்று தபால்காரிக்குத் தெரியாதா? முதல் இரண்டும் பூட்டியிருந்தன. சான் லூக்கா பின்சந்தில் மூன்றாவது கதவை எவனோ பயணி சாத்தாமல் போயிருந்தான். நாலு மாடி ஏறினோம்.

மேல்படியில் உட்கார்ந்திருந்தார் மனுஷர், மடியில் ஒரு கிண்ணம் சூப். பக்கத்தில் ஒரு பெண், ஈக்வடாரிலிருந்து வந்தவள், மரிசேலா என்று பெயர். "சாவி சேரலைன்னு என் கதவைப் போட்டு உடைச்சாரு. என்னைத் திருடின்னுகூட சொல்லியிருப்பாரு, யாருக்குப் புரிஞ்சுது? பசிக்குதோ என்னவோன்னு சூப்பைக் கொடுத்தேன், கம்முனு ஆயிட்டாரு" என்று சிரித்தாள். அவரோ மனைவியைப் பார்த்து, "எங்கடி போயிருந்தே, எவ்வளவு நேரமா வாசல்லயே உக்கார வச்சிருக்கே" என்று எரிந்து விழுந்தார். மரிவோன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலே முக்காலுக்குத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டேன். ஏறுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. போன் பண்ணும்போதெல்லாம் அப்பா வெளியே நடக்கப் போயிருக்காருன்னு சொல்றேன்" என்றாள்.

நிக்லா, நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று நான் சொன்னது பொய். போன நவம்பரிலிருந்து அவருக்கும் அப்படித்தான். அன்றைக்கு அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். பத்து நிமிஷம் என்று போனவள் திரும்பும்போது ஐந்தரை. வீட்டுக் கதவைத் திறந்தால், மேல்கோட்டு மாட்டிக்கொண்டு இருட்டில் நிற்கிறார். "நிக்லா பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற நேரமாச்சு, கதவு திறக்க மாட்டேங்குது, மழையில நிக்கும் புள்ள" என்றார். கதவை இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. ஊரான் புருஷனை ஊரெல்லாம் தேடினேன், என் புருஷனைப் பூட்டி வைத்துவிட்டு.

மறுநாள் மரிசேலாவிடம் அப்பா விஷயத்தைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்காமலே வந்து அப்பாவோடு உட்கார்ந்தாள். நான் இரண்டு மணி நேரம் செத்தவள் போலத் தூங்கினேன். இனி வாரம் ஒரு நாள் வருகிறேன் என்றிருக்கிறாள், நல்ல மனசு. ஆனாலும் எனக்கு முடியவில்லை, கண்ணு. இத்தனை வருஷமாக உனக்கு எதற்கு அலைச்சல், வரவேண்டாம் என்று எழுதிய கைதான் இது. வா.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். இடுப்பு வலியோடு வண்டி ஓட்டாதே. போனில் அப்பா பள்ளிக்கூடம் விட்டாச்சா என்று கேட்டால் திருத்தாதே, விட்டாச்சு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்.

உன் அம்மா,
எர்சிலியா