முரசு கேட்கும் தூரத்துக்குள் தொலைந்த ஓடை

நீர் வற்றாதிருக்க, விளக்கு அணையாதிருக்க. மருதவரை நாட்டின் அரசியும், நெய்தற்கோட்டையைக் காக்கக் கடமைப்பட்டவளும், முடிசூடி ஐந்து திங்களே ஆனவளுமாகிய நறுங்கோதை, வடவெல்லைப் பாசறையில் மூவாயிரம் வீரரோடு காத்திருக்கும் படைத்தலைவரும் நம் தாயாரின் தமையனாருமாகிய கோளரியார் அவர்களுக்கு விடுக்கும் ஓலை. மாமா அவர்களுக்கும் வீரர்க்கும் குதிரைகளுக்கும் நலம் பெருகுக.

கட்டளையை முன்னே வைக்கிறோம். காரணம் பின்னே வருகிறது. அமாவாசை விடியலில் காரிகுன்ற நாட்டின் மேல் படை செலுத்துமாறு நாம் எழுதிய முன் ஓலை இதனால் நீக்கப்படுகிறது. ஒருவரும் எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டாம். நம் ஓடையை அவர்கள் மறிக்கவில்லை. நாமே தொலைத்தோம், தொலைத்த இடத்தையும் கண்டுகொண்டோம்.

முடிசூடியவர் ஓராண்டுவரை அரண்மனை முரசின் ஒலி எட்டாத இடத்துக்குச் செல்லலாகாது என்ற நம் குலமரபைத் தாங்கள் அறிவீர்கள். நெடுந்தொலைவு சென்று வந்தவரின் சொல்லுக்கே மதிப்பளிக்கும் அவை நம்முடையது. ஆகவே இம்மரபை ஒரு சிறையாகவே முதலில் எண்ணினோம். பிறகு, அந்த ஒலி உண்மையில் எதுவரை கேட்கிறது என்று அறியும் ஆசை பிறந்தது. நாளுக்கொரு திசையாக, பல்லக்கின்றி, ஒலி தேயும்வரை நடந்தோம். கோட்டைப் பக்கமிருந்து காற்று வீசும் நாளில் இருநூறு அடி கூடுதலாகக் கேட்கிறது. அடர்ந்த புதருக்குப் பின்னே போனால் உடனே மங்குகிறது. இதை அறியவே ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் நாள், வற்றிய ஓடையின் தடம் பற்றி வடக்கே நடந்தோம். தங்கள் படையும் நம் தூதரும் சென்ற பெருவழி கிழக்கே விலகிப் போவதால், இவ்வழியாக இத்தனை தூரம் அரண்மனையார் எவரும் வந்ததில்லை. அங்கே குவளை என்னும் வண்ணார மகள் முழங்கால் நீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதைச் சொல் மாற்றாமல் எழுதுகிறோம்: “தண்ணி இல்லேன்னு கோட்டைக்காரங்க சண்டைக்குப் போயிருக்காங்களாமே தாயி? இங்க வந்து கேட்டிருந்தா நானே ஒரு குடம் மொண்டு குடுத்திருப்பேனே.”

அவள் துணி அலசும் அத்துறைவரை நீர் நிறைந்து வருகிறது. கோட்டைக்கு வருவதோ ஈர மணல். நடுவே என்ன நிகழ்கிறது என்றறிய ஓர் ஆலிலையை மிதக்கவிட்டு அதனுடன் நடந்தோம். இலை விரைந்து ஓடி, நம் முடிசூட்டு நாளில் மரபுப்படி யானைகள் நீராட ஓடையின் நடுவே புதிதாக வெட்டிய யானைக்குழியில் நின்று, சுழன்று, அப்பால் போகாது தங்கிவிட்டது. நீர் எங்கே என்று பாகன் மூவனைக் கேட்டோம். நாற்பது யானை உறிஞ்சினால் எது மிஞ்சும் என்று அவன் சிரித்தான். ஐந்து திங்களாக இந்த வேடிக்கைப் பேச்சையே நம்பிப் பாகர் அனைவரும் மேலும் ஆராயாது இருந்திருக்கின்றனர்.

ஓடையின் அடியில் ஒரு முழக் கனத்துக்குக் களிமண் படிந்திருக்கிறது. தட்டு நீரைத் தாங்குவதுபோல் அது ஓடையைத் தாங்குகிறது. அதன் கீழே பருமணல். நாம் மூன்று முழம் தோண்டித் தட்டை உடைத்துவிட்டோம். நீர் மணலுக்குள் இறங்கிவிடுகிறது. இறங்கியது எங்கோ எழவேண்டும் அல்லவா? மேற்கே தாழம்புதரில் அண்மையில் ஓர் ஊற்று தோன்றியிருக்கக் கண்டோம். முதலில் குழியில் மஞ்சள் கரைத்தோம். ஊற்று நிறம் மாறவில்லை. மணல் மஞ்சளை வடிகட்டிக்கொள்ளும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஆறு மூட்டை உப்பைக் கரைத்தோம். உப்பு நீரோடு நீராகிவிடுவதால் மணலால் பிரிக்க இயலாது. ஒன்பது நாழிகை சென்று ஊற்று கரித்தது. நாம் சுவைத்தோம், குவளை சுவைத்தாள். நம்பாதிருந்த மூவனும் சுவைத்து, முகம் சுளித்து, ஒப்புக்கொண்டான்.

ஒரு துளியும் மறிக்கவில்லை என்று காரிகுன்ற வேந்தர் சொல்லியனுப்பியதை நம் அவையிலே பொய் என்றோம். எல்லைக்கப்பால் ஒரு கற்சுவரைத் தூதர் கண்டதே நமக்குப் போதுமான சான்றாயிற்று. அந்தச் சான்றை நம்பி, இன்னும் நான்கு நாளில் எத்தனை வீட்டு விளக்குகளை அணைத்திருப்போமோ.

ஆகவே, இவ்வோலையோடு வரும், கரித்த ஊற்றுநீர் நிறைந்த இரு குடுவைகளில் ஒன்றைத் தாங்கள் சுவைத்து உறுதி செய்க. மற்றொன்றை, படைக்கலமின்றி, தாங்களே ஏந்திச் சென்று வேந்தரிடம் அளித்து, பிழை மருதவரையுடையது என்று நம் பெயரால் கூறுக. வீரர்களைத் திருப்பி அனுப்புக. களிமண் சுமக்க ஆள் வேண்டும். குழியை வெட்டியது யானைகளுக்காக. கொட்டும் மண்ணை மிதித்து இறுக்கப்போவதும் அவைதாம்.

இன்னும் ஒன்று. வேந்தர் இசைவு தந்தால், அந்தச் சுவரின் அருகே நடந்து போய், அது உண்மையில் எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்த்து எழுதுக. நம் முரசு அவ்வளவு தூரம் கேட்பதில்லை.

ஆம்பல் முத்திரை இட்டு, நம் கையாலேயே கட்டிய ஓலை. இதில் உள்ளபடி செய்க.