தலைமடையில் உன் கைலி

மச்சான்,

இன்று காலை உன் கைலி கிடைத்தது. பச்சைக் கட்டம் போட்டது, துபாயிலிருந்து திரும்பிய அன்று நீ கட்டியிருந்தாயே, அதேதான். எங்கே கிடைத்தது தெரியுமா? எங்கள் வீட்டுக் கூரை சுவரில் வந்து உட்காருகிற சந்தில். உளியால் தட்டினேன்; சிமெண்டு பெயர்ந்து, அணில் புழுக்கையோடு உன் கைலி வெளியே வந்தது. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தகர ஷீட் போட்ட வருஷமே, கூரைக்கு அடியிலிருக்கும் எங்கள் மச்சு அடுப்பாகிவிட்டது. அந்த மச்சுப் பலகைக்குக் கீழே படுக்கிற உன் தங்கச்சிக்கு இளைப்பு. அவளுக்காகத்தான் மச்சைக் குளிர வைக்க நீ இறங்கினாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கே ஆரம்பித்தாய்? திருக்கடையூரில், உன் அறுபதாம் கல்யாணத்தில். ஐயர் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார், நீ அண்ணாந்து எதிர் மண்டபத்துக் கூரையில் சுழலும் தகர உருண்டையைப் பார்க்கிறாய்.

"காத்தடிச்சா தானா சுத்தும் மாப்ளே, கரண்டே வேணாம். உள்ள இருக்குற சூட்டை உறிஞ்சி மேல தள்ளிடும்."

சொல்லும்போதே தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாய். பக்கத்தில் மாலையோடு நின்ற அக்கா, "தாலி கட்டப் போற நேரத்துல கூரைய பாக்குறாரு பாரு" என்று முறைத்தது.

அதே மாதிரி ஒரு உருண்டையை வாங்கி எங்கள் கூரை உச்சியில் வைத்தாய். கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அப்புறம் அணில் அந்தச் சந்து வழியாக வந்து, மச்சில் சுருட்டி வைத்திருந்த மெத்தையின் பஞ்சைப் பிய்த்தது. நீ கைலியைத் திணித்து, நாலு பக்கமும் சந்தைப் பூசச் சொன்னாய்.

"கீழ வழி வேணாமா மச்சான்?" என்றேன்.

"துபாயில ஏசி குழா மாட்டுனவன்கிட்ட நீ காத்து பாடம் நடத்துறியா? முக்கோணச் சுவத்துல ரெண்டு ஓட்டை இருக்குல்ல, அது போதும்."

சந்து அடைபட்டது. கலவை குழைத்துக் கொடுத்ததும் நான்தான். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த ஓட்டைகள் உச்சியில், உருண்டைக்குப் பக்கத்திலேயே இருந்தன. அங்கே நுழைந்த காற்று அப்படியே உருண்டை வழியாகப் போய்விட்டது. பலகை மேல் கிடந்த சூடு அசையவே இல்லை. ஒத்துக்கொண்டாயா? ஒரு ஓட்டையில், காற்றை வெளியே தள்ளுகிற கரண்ட் ஃபேனையும் மாட்டினாய். அது உருண்டை வழியாகவே காற்றை உள்ளே இழுக்க, ஐப்பசி மழை சாரலாக மெத்தையில் விழுந்தது.

"இது என்னண்ணே, வீட்டுக்குள்ளயே மழை?" என்றாள் உன் தங்கச்சி.

"இன்னொரு உருண்டை வச்சா சரியாயிடும்" என்றாய்.

அடப்பாவி! உன் வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் ஊர்க்கூட்டத்தில் துண்டை உதறிக்கொண்டு கத்தியவன் நீ: "தலைமடைய மூடிட்டு வடிகால வெட்டுறீங்களே, என்னத்தய்யா வடிப்பீங்க?" அந்த மனுஷன்தான் என் கூரைக்குக் காற்று நுழைகிற தலைமடையை அடைத்துவிட்டு, வெளியேறுகிற வடிகாலாக வெட்டிக்கொண்டே போனான். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தப் பேச்சு அப்போது ஞாபகம் வரவில்லை.

தையில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்தச் சித்திரையில் உன் தங்கச்சி பையைக் கட்டிவிட்டாள். "பட்டுக்கோட்டைக்கு மக வீட்டுக்குப் போறேங்க. இனிமே இந்த வேகாட்டுல என்னால மூச்சு விட முடியாது." திரும்பி வருகிற பேச்சு அதில் இல்லை. அதனால்தான் இன்று உளியை எடுத்தேன்.

சந்து முழுக்கத் திறந்து, அணிலுக்குக் கம்பி வலை அடித்தேன். ஃபேனைக் கழற்றி, உச்சி ஓட்டை இரண்டையும் பலகையால் மூடினேன். உருண்டையை மட்டும் விட்டுவிட்டேன். அது உன் பெருமை. காற்று வருகிறதா என்று பார்க்க, உன் கைலியில் ஒரு கீற்றுக் கிழித்து வலையில் கட்டினேன். கொஞ்ச நேரம் தொங்கியது. அப்புறம் மெதுவாக உள்பக்கம் சாய்ந்து, மச்சைப் பார்த்து ஆட ஆரம்பித்தது.

மத்தியானம் உன் தங்கச்சி பலகைக்குக் கீழே வந்து படுத்தாள். பை வாசற்படியில்தான் இருந்தது. எழுந்தவள், "சாயங்கால பஸ்ஸுக்குப் போகலைங்க, நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

நான் சொன்னதுதான் சரி, மச்சான். பதிலுக்கு ஒரு திட்டு திட்டவாவது நீ இருந்திருக்கலாம். மிச்சக் கைலியைத் துவைத்து நானே கட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் கிழிசல்தான், பரவாயில்லை.