பச்சையும் சிவப்பும் கலந்த சேலை

விமலா அப்பாவுக்கு வணக்கம். கூலிம் ஊர்க் கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை, நான் சுகம். உங்க மூட்டு வலி குறைஞ்சுதா?

நம்ம பேத்தி சர்மினி தன் நிச்சயதார்த்தச் சேலையைத் தானே கம்ப்யூட்டரில் வரைஞ்சு நெய்ய வச்சிருக்கா. நீள நூல் பச்சை, குறுக்கு நூல் சிவப்பு. நிழலில் பச்சையா இருக்கு, வெயிலில் சிவப்பா மாறுது. அவ முதலாளியே அசந்துட்டாராம்! எனக்குத் தலைகால் புரியலை.

"அம்மாவைப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கிறதே இந்தக் கலர்தான் லா, பாட்டி," என்றாள்.

விமலா உடம்பு மேல் நாம வாங்கிப் போர்த்தினோமே, அந்தக் கோடிச் சேலையோட கலருங்க அது.

"உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச கலர்" என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க.

வரும்போது தைலம் கொண்டு வாங்க. கம்பெனி பஸ் வந்துட்டுது. கண் ஆபரேசனுக்குக் கொடுத்த கருப்புக் கண்ணாடியை நிச்சயத்தன்னைக்குப் போட்டுக்குங்க. கழற்றவே கழற்றாதீங்க.

உங்கள்
காளியம்மா