பதிலாள்

வெள்ளவத்தை
புரட்டாதி இரண்டாம் சனி

அன்பு மகள் சுபோதினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் எழும்பி நடமாடுகிறேன், அப்பா படுத்தபடி இருக்கிறார், இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். இப்போது இதைத்தான் நலம் என்று சொல்ல வேண்டும். நீயும் அந்த யப்பான் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் கதைத்தால் அப்பாவுக்குக் கேட்கும், பக்கவாதம் வாயைத்தான் குழற வைத்ததே தவிர அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை பிளைட்டில் ஐறீன் இதைக் கையோடு கொண்டு வருகிறாள். பிரித்துப் பார்க்கிற பிள்ளை இல்லை அவள். மிளகாய்த்தூள் பார்சலோடு சேர்த்து வைக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஐறீனை நீ வீடியோவில் கண்டதுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய பஸ் ஏறி வந்து இரண்டு வருடமாக அப்பாவைப் பார்த்தவள். இந்த இரண்டு வருடத்தில் அவருடைய முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு நித்திரையால் எழும்பினதும் அப்பா அவளை “சுபோ” என்றுதான் கூப்பிடுவார். முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு அவளும் “ஓம் அப்பா” என்று போய்விடுவாள். அப்படிப்பட்டவளை நான்தான் உன்னிடம் அனுப்புகிறேன் சுபோ. ஏன் அனுப்புகிறேன் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், கோபப்படாதே. போன வருடம் நீ ஒரு படம் அனுப்பினாய், உன்னுடைய முதியோர் இல்லம் முந்தி ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்ததாம், சேர்க்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடி வயது போனவர்களுக்குக் கட்டில் போட்டார்களாம். கரும்பலகை அப்படியே சுவரில் இருந்தது, கீழே எட்டுக் கட்டில். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவள், அந்தக் கரும்பலகையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள் போதாது, நான் வெளிக்கிட்டால் இதுகளைத் தூக்கிக் குளிக்கவார்க்க ஒருத்தரும் இல்லை, அதனால்தான் வர முடியவில்லை அம்மா என்று அப்போது சொன்னாய். அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நீயும் அப்பாவும் இங்கே, நான் வவுனியாப் பள்ளிக்கூடத்தில் இருந்தது நினைவிருக்கும். கொழும்புக்கு மாற்றல் கடிதம் கையில், ஆனால் பதிலாள் வந்து கையெழுத்து வைத்தால்தான் விடுவிப்போம் என்று இரண்டு வருடம் எட்டு மாதம் இழுத்தார்கள். ஒரு நாள் கணக்கு ரீச்சர் ஒருத்தி வந்து இறங்கினாள், அன்றைக்கே என்னை விட்டுவிட்டார்கள், உடுப்பைக்கூட மடிக்காமல் ரெயில் ஏறினேன். உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று நினைத்துவிட்டேன் பிள்ளை. உன்னுடைய அலுமாரியில் கிடந்த யப்பான் பாடப்புத்தகங்களைத் தூசி தட்டி ஐறீனுக்குக் கொடுத்தேன், அப்பா நித்திரை கொள்ளும் நேரம் பக்கத்தில் இருந்து பாடமாக்க வைத்தேன். யப்பான் மொழிப் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். சுபோவின் இல்லத்திலேயே வேலை கேள் என்று சொல்லி, என் கணவரை எப்படிப் பார்த்தாள் என்று நல்ல இங்கிலீசில் நற்சான்றும் எழுதிக் கொடுத்தேன். “டீச்சர், நான் போனா ஐயாவ யாரு பாக்கிறது? நீங்க வேணாம்னு சொன்னா நான் போகல்ல” என்று அழுதாள். “எங்கட சுபோ வந்திடுவா, நீ பயப்பிடாமப் போ” என்று நான்தான் தேற்றினேன்.

போன ஞாயிறு நீ எவ்வளவு சந்தோஷமாகப் போன் எடுத்தாய். ஐறீன் வருவதால் மனேஜருக்குப் பெரிய ஆறுதலாம், பூட்டிக்கிடக்கும் மேல்மாடி வகுப்பறையையும் திறக்கப் போகிறார்களாம், பன்னிரண்டு பேர் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்களாம், உன் வேலையையும் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டி எழுதினார்களாம், நீயும் ஓம் என்றுவிட்டாயாம். நல்லது பிள்ளை என்றேன். போனை வைத்துவிட்டுக் கழுவின தேத்தண்ணிக் கேத்தலைத் திரும்பவும் கழுவினேன். உன்னில் பிழை இல்லை. பிள்ளை பிறக்காத ஊருக்குப் பத்து ஐறீன் போனாலும் காணாது என்பது கணக்குப் படிப்பித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஆள் தேடாமல் இல்லை. ஏஜென்சிக்காரி “அன்ரி, பழகின பிள்ளையள் எல்லாம் வெளிநாடு போயிட்டுதுகள்” என்கிறாள். பாமன்கடையிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள், அவவுக்கு அறுபத்துநாலு, அப்பாவைத் திருப்பிவிட்டு அவவே கதிரையில் சாய்ந்துவிட்டா, நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நம்முடைய மாடியில் ஆறு வீட்டில் நாலு பூட்டு. எதிர்வீட்டு நமசிவாயம் அண்ணை எண்பத்தொரு வயதில் தனியாக இருக்கிறார், அவருக்கு பல்ப் மாற்றவும் நான்தான் ஏறுகிறேன். எனக்கு அறுபத்தொன்பது. படுக்கை விரிப்பால் இழுத்து அப்பாவைத் திருப்புவதை ஐறீன் ஒரு கிழமையாகப் பழக்குகிறாள், நேற்று என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பயமாக இருக்கிறது சுபோ, வேறென்ன சொல்ல. ஆனால் வா என்று எழுதவில்லை. வந்தால் விசா போய்விடும், இங்கே உனக்கு என்ன வேலை இருக்கிறது? வவுனியாவில் கலண்டரில் நாள் வெட்டிக்கொண்டு இருந்தேன், இப்போது வெட்ட ஒரு நாளும் இல்லை.

ஐறீனைத் தங்கச்சி மாதிரிப் பார். அவளுக்குக் குளிர் பழக்கமில்லை, உன்னுடைய பழைய கம்பளிச் சட்டையைக் கொடு. இந்தக் கடிதத்தில் உள்ளதை அவளுக்குச் சொல்லாதே, அவள் மனம் தாங்காது. நீயும் வேலைக்குப் போகமுன் ஏதாவது சாப்பிடு, இடுப்பைப் பார்த்துத் தூக்கு. நீ தூக்குகிற அந்த அப்பா அம்மாமாரின் ஆசி உனக்குக் கிடைக்கட்டும், எங்களுடையது எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. இது கிடைத்த நாளிலிருந்து எங்களுடைய நாலு மணிக்கு, உங்களுக்கு இரவு ஏழரைக்கு, ஒரு நிமிடம் போன் எடு. அந்த நேரம் அப்பா “சுபோ” என்று கூப்பிடுவார். ஓம் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகேஸ்வரி