பரிசமாடும் வால்கொழுப்பும்

பிப்ரவரி 9
பால் நிலையத்தில் இன்றும் அவமானம். நம் மாட்டுப் பாலில் கொழுப்பு மூன்றே கால் சதவீதம். சம்பந்தி செரிக்போலின் மாட்டுக்கு நாலு. இதுவும் அவன் தொழுவத்து மாடுதான். வசந்தத்தில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு என் மகளுக்குப் பரிசமாகத் தந்தது. கழிசலைத் தள்ளிவிட்டான் என்று வரிசையில் நின்ற எட்டுப் பேரிடம் சொன்னேன். வரும் வழியில் இன்னும் மூன்று பேரிடம்.

பிப்ரவரி 10
செரிக்போல் வந்தான். குதிரையை விட்டு இறங்காமலே, "தீனி போடுங்க சம்பந்தி. வாயாலயே மாடு வளக்க முடியாது" என்றான். உள்ளே கூப்பிடவில்லை. சம்பந்தியைத் தேநீர் தராமல் அனுப்பியவன் இந்த ஊரில் நான்தான் முதல். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

பிப்ரவரி 11
பாலில் கொழுப்பு வேண்டுமென்றால் மாட்டுக்குக் கொழுப்பைக் கொடு! உடம்பு தேற நாம் நம் ஆடுகளின் வாலில் திரளும் வால்கொழுப்பைத்தானே தின்கிறோம்? ஒரு கிலோ உருக்கித் தவிட்டில் பிசைந்தேன். கல்யாண விருந்துக்காக மனைவி ரௌஷான் உப்பிட்டு வைத்திருந்தது. அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 14
இரண்டரை. குறைந்திருக்கிறது! அளவைக் கூட்டினேன்.

பிப்ரவரி 16
மாடு அசை போடவில்லை. தீனியைத் தொடவில்லை. சாணி தண்ணீராக, எண்ணெய்ப் பளபளப்போடு. அதில் வைக்கோல் செரிக்காமல் அப்படியே. செத்துப்போச்சுன்னா? பரிசமாட்டைக் கொன்னவன் வீட்ல எவன் பொண்ணெடுப்பான்? நானா கொன்னேன் — நான்தான்.

பிப்ரவரி 17
கால்நடை மருத்துவர் ஜிபெக் மாட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லையாம். என்ன கொடுத்தீர்கள் என்றாள். பொய் சொன்னேன். சாணியை விரலில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினாள். ஆட்டுக்கொழுப்பு வாடை. வைக்கோலைச் செரிப்பது வயிற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களாம். கொஞ்சம் கொழுப்பென்றால் தாங்குமாம். இப்படி ஊற்றினால் வைக்கோலை மூடிவிடும், அவையும் செத்துவிடுமாம். நல்ல மாட்டின் வயிற்றுநீரை எடுத்து இதன் வயிற்றில் ஊற்றவேண்டும்.

"ஊர்ல நல்லா திங்கிற மாடு யாருதுன்னு உங்களுக்கே தெரியுமே, அண்ணே."

பிப்ரவரி 18
செரிக்போல் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான். எல்லாம் சொல்லி முடித்தபின், "இன்னொரு தரம் சத்தமா சொல்லுங்க சம்பந்தி, உள்ள இருக்கிறவளுக்குக் கேக்கல" என்றான். சொன்னேன். பிறகுதான் ஜிபெக்கைக் குழாயோடு தொழுவத்துக்குள் விட்டான். ஒரு வாளி நிறைந்தது. தானே தூக்கி வந்தான். என்னைத் தொடவிடவில்லை.

பிப்ரவரி 21
காலையில் அசை போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செரிக்போல் வந்து பார்த்தான். என் வால்கொழுப்புக் கதையை அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தான். நல்ல மாடுதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மாட்டிடம் மட்டும்.