பதினாலாம் அறையில் பால் பொங்கவில்லை

இந்தத் தாள்களை யார் எடுத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். என் பெயர் வெயினி. ஒன்பதாம் வகுப்பு. நிலவின் மூன்றாம் குடியிருப்பு. இங்கே கருவியில் எழுதினால் அலுவலகம் படித்துவிடும். அதனால் காற்று வடிகட்டி சுற்றி வந்த காகிதத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.

மார்கழி 27. இரவு 10.40

காற்றழுத்தம் சரி. வெளியே மைனஸ் 140. வீட்டுப்பாடம் முடிந்தது.

பள்ளியில் பண்டிகைத் தொண்டு தொடங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு முதியவர். தினமும் ஒரு மணி நேரம் அவரோடு இருந்துவிட்டு, கேள்வித்தாளைப் பார்த்துத் தனிமை எண் போட வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை; எண் கூடினால் தனிமை அதிகம். எனக்குப் பதினாலாம் அறை, அரியமுத்து தாத்தா. முப்பது வருடம் இங்கே சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவர். தாயம் விளையாடினோம். கட்டையை விரலால் புரட்டுகிறார். கேட்டால், “இங்க எடை கம்மில்லா, அதுவா உருளுது” என்கிறார். எண் 4.

மார்கழி 29, போகி. இரவு 11.05

காற்றழுத்தம் சரி.

எண் ஏழைத் தாண்டினால் உறக்கக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாதான் முதியோர் பகுதிக் காப்பாளர். “தனியா கெடந்து நோகுறதுக்குத் தூங்கட்டுமே. பண்டிகை முடிஞ்சதும் எழுப்பிருவோம்” என்பார். இன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்தேன். போன பொங்கலுக்குப் படுத்த ஒன்பது பேரும் அப்படியே இருக்கிறார்கள். கேட்டேன்.

“எழுப்புங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்லா” என்றார். பிறகு, வீட்டில் லைட்டை அணைக்காமல் வந்ததற்குத் திட்டினார். அம்மா இறந்ததிலிருந்து அவர் என்னிடம் வாய் திறப்பதே திட்டுவதற்குத்தான்.

தை 1. இரவு 11.30

தாத்தாவின் மகன் குமரவேல் தூத்துக்குடியில் இருந்தார். புரட்டாசியில் இறந்துவிட்டார். தாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று என் தொண்டு அட்டையில் எழுதியிருந்தது. அதன்பிறகு அலுவலகத்து எந்திரம்தான் மகன் குரலில் வாரம் ஒருமுறை அவரோடு பேசுகிறது. இன்று நான் இருக்கும்போது அழைத்தது.

“அப்பா, பால் பொங்கிச்சா?”

தாத்தா அழைப்பைத் துண்டித்துவிட்டார். அலுவலகம் கொடுத்த பொங்கல் பானை மூலையில் கவிழ்த்தபடி இருந்தது. பால் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை.

“கேதம் விழுந்த வீட்ல ஒரு வருசம் பொங்கல் வைக்கலாமாட்டி? செத்தவனே கூப்புட்டு, பால் பொங்கிச்சாங்கான்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“புரட்டாசிலேருந்து ஒரு நாள்கூட என்னைத் திட்டல. எம்மவன் என்னைத் திட்டாம பேச்ச முடிச்சதே கெடையாது.”

கேள்வித்தாளின்படி அவருக்கு 9 வரும். நான் 3 என்று போட்டேன்.

தை 2. இரவு 11.20

காற்றழுத்தம் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் அசதி. தூக்கம் மட்டும் வரவில்லை.

“பதினாலுல பால் அப்படியே இருக்கு. நீ எப்படி மூணு போட்ட?” என்று அப்பா கேட்டார். நாளைக்கு மறுபடி அழைப்பு வரும், அவரே வந்து பார்த்து எண் போடுவாராம். ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னேன். பால் பாக்கெட்டைப் பிரித்துக் கழுவும் தொட்டியில் கொட்டினார்.

தை 3. இரவு 11.10

அப்பா வந்து நின்றார். அழைப்பு வந்தது.

“அன்னைக்கு லைன் கட்டாயிருச்சுப்பா. பால் பொங்கிச்சா?”

தாத்தா சிரித்தார். “பொங்கிருச்சுல மவனே. பொங்கி வழிஞ்சிட்டு.”

ஊரில் மழை உண்டா, உப்பளம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். அப்பா 1 என்று போட்டுவிட்டுப் போனார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

தாத்தா போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து சொன்னார்: “எம்புள்ளைக்கு ஒரு வருசம் துக்கங்கூடக் காக்க விட மாட்டேங்கானுவ. நீ போ தாயி. போய்ப் படி.”

தை 4. இரவு 11.50

பதினாலாம் அறைக்கு இனி ஆள் வேண்டாமாம். எண் 1 ஆகிவிட்டதால் குரலே போதுமாம். இனி தினம் மூன்று வேளை அழைக்குமாம். கதவு எனக்குத் திறக்கவில்லை. வெளியே நின்று காதை வைத்துக் கேட்டேன். “பொங்கிருச்சுல மவனே.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “பொங்கிருச்சுல.”

தாங்க முடியவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகன் செத்தது தாத்தாவுக்குத் தெரியும், உறக்கக் கூடத்துக்குப் பயந்துதான் சிரித்தார் என்று. அப்பா தலையைக் குனிந்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார்.

“பொய் எண்ணா போட்ட, கழுத? வந்து வச்சுக்கிடுதேன். மொதல்ல அந்தக் குரல நிப்பாட்டச் சொல்லணும். அந்த ஒம்பது பேரையும் எழுப்பணும். லைட்ட அணைச்சிட்டுப் படு.”

ஐந்து மணிக்கு அலுவலகத்துக்குப் போனார். இன்னும் வரவில்லை. லைட்டை அணைக்கப் பயமாக இருக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா குரல்தான். “வெயினி, கண்ணு, இன்னும் தூங்கலையாம்மா? லைட் எரிஞ்சா எரியட்டும். கதவைத் திற.”

திட்டவில்லை. அப்பா திட்டவே