இரண்டு செல்விகள்

ஆகஸ்ட் 2004, வியாழன்

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் ஆவண சர்வரிலிருந்து எக்ஸ்ரே படங்களை எடுத்து டாக்டருக்குக் காட்டும் புரோகிராமை எழுதியவன் நான். இன்று நர்ஸ் மேரி அக்கா போன் செய்தார்.

“தம்பி, இங்க படுத்திருக்கிற செல்விக்கு ஆறு வயசு. நீ காட்டுற எக்ஸ்ரே பெரியவங்களோடது. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக இருந்தோம்பா.”

சர்வரிடம் நோயாளியின் எண்ணைக் கொடுத்துக் கேட்காமல் பெயரைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அது முதலில் அகப்பட்ட செல்வியைத் தந்துவிட்டது.

உடனே புரோகிராமை நிறுத்தினேன். எங்கள் கம்பெனி மேனேஜர் கோபப்பட்டார்.

“இன்னாத்துக்கு நிறுத்துன? ஒண்ணும் ஆகல இல்ல, ஓட வுடு.”

முடியாது என்றேன்.

ஆனால் போன மாதத்திலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது. மற்ற வார்டுகளில் யாருடைய படத்தை யாருக்குக் காட்டியதோ. இந்த ஊரில் எத்தனை குமார், எத்தனை பாத்திமா. ஆண்டவரே, அவர்களில் ஒருவருக்காவது ஏற்கெனவே வேறு யாருடைய படத்தையோ பார்த்து ஆபரேஷன் நடந்திருந்தால்...